மயக்கம் தெளியும்வரை யார் பக்கத்தில்?

கஞ்சாவைப் பற்றிய ஐரோப்பிய ஆராய்ச்சிக்கும் எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கும் ஒரு தொடுப்பு உண்டு என்று சொன்னால் ஊரில் பலர் சிரிக்கிறார்கள். 1659ஆம் ஆண்டின் இறுதியில், புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் அந்தக் குடாவுக்குள் ஒதுங்கியது. அடுத்த ஆண்டு கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகனையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனின் பெயர் ரொபர்ட் நொக்ஸ், வயது 19. தகப்பன் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். மூதூரில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று சொல்லப்பட்ட புளியமரம் நின்ற இடத்தில் 1893இல் நட்ட நினைவுக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதையை அதோடு முடித்துவிடுவார்கள்.

முடிக்காமல் தொடர்ந்தால் இப்படிப் போகும். தப்பியோட வழி தேடி வடக்கே அலைந்த காலத்தில் நொக்ஸும் தோழரும் கெட்ட தண்ணீர் குடித்து மாறிமாறிக் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு அதற்கு ஒரு மாற்று மருந்தை அறிந்துகொண்டதாக 1681இல் வெளியான தன் நூலில் எழுதுகிறார்: காய்ந்த இலையைப் பொடியாக்கி, நாட்டுச் சர்க்கரையோடு சேர்த்து, காலையிலும் மாலையிலும் வெறும் வயிற்றில் உண்பது. மூளையை மயக்கும், தலையைச் சுற்றும், வேறு தொந்தரவு இல்லை என்கிறார். அந்த இலைதான் கஞ்சா. லண்டன் திரும்பிய நொக்ஸ் அதைப் பற்றித் தன் நண்பரான விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கிடம் சொன்னார். ஹூக் 1689 டிசம்பர் 18 அன்று ரோயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் அந்தச் செடியைப் பற்றி உரையாற்றினார். உண்டவர் என்ன செய்கிறோம் என்று அறியாமல் சிரிப்பார், பாடுவார், பிறகு தூங்குவார், எழுந்ததும் நன்றாகப் பசிக்கும் என்றெல்லாம் விவரித்தார். கொண்டுவந்தவர் தன்மேலேயே பலமுறை சோதித்துவிட்டார், ஆகவே அஞ்ச ஒன்றுமில்லை, சிரிக்க வேண்டுமானால் இடமுண்டு என்ற பொருளில் ஒரு வாக்கியமும் அதில் இருக்கிறது.

அந்த உரையை மருந்து வேலை பார்த்தவளின் கண்ணோடு வாசித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று விடயங்கள் உறுத்துகின்றன. கொண்டுவந்தவர் தன்மேல் சோதித்ததே போதுமான சான்று என்று எடுத்துக்கொள்கிறார் ஹூக். இலையைச் சொல்லிக்கொடுத்த ஊர்க்காரரின் பெயர் நொக்ஸிடமும் இல்லை, ஹூக்கிடமும் இல்லை. அடுத்து யாருக்குக் கொடுத்தால் பயன்படும் என்று யோசித்தபோது ஹூக்குக்கு நினைவு வந்தவர்கள் சித்தம் கலங்கியவர்கள். அதாவது, வேண்டாம் என்று சொன்னாலும் யாரும் காது கொடுத்துக் கேட்காத மனிதர்கள். அதற்குப் பிறகு வந்த முந்நூற்றுச் சொச்ச ஆண்டுகளில் மனத்தை மாற்றும் பொருட்களின் ஆராய்ச்சியில் நடந்த அநியாயங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மோர்பினும் பெத்திடினும் இருந்த இரட்டைப் பூட்டு அலுமாரியின் சாவி நெடுங்காலம் என் இடுப்பில் கிடந்தது. என் தங்கையின் மகள் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவம் படிக்கிறாள். ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். “பெரியம்மா, மனத்தை மாற்றுகிற மருந்தைக் கண்டுபிடிக்கிறவர் எதுவரைக்கும் பொறுப்பு? மருந்து வேலை செய்கிறது என்று காட்டினால் முடிந்ததா?” என்று கேட்டாள். அவளுக்கு அது வகுப்பில் பேச ஒரு தலைப்பு. தேநீர் ஆறும்வரை நான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மருந்துகளே கூடாது என்ற கட்சி எனக்கில்லை. அந்தக் கட்சிக்காரர் பலர் மாலையில் தவறணையில் உட்கார்ந்துகொண்டுதான் அதைப் பேசுகிறார்கள். எங்கள் வீடுகளில் குழந்தைக்கு உரைமருந்தில் சாதிக்காயை உரைத்துக் கொடுத்துத் தூங்கவைத்த ஆச்சிகள், அந்தக் குழந்தையிடம் சம்மதம் கேட்டதில்லை. மனத்தைத் தொடும் பொருளை மனிதர் தேடாத காலமே கிடையாது. தேடுவது எப்படி, யாருடைய உடம்பில், யாருடைய பொறுப்பில் என்பதுதான் வழக்கு.

மற்ற மருந்துகளைச் சோதிப்பதற்கும் இவற்றைச் சோதிப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரைச் சோதனைக்குப் பெயர் கொடுத்தவர், தலை சுற்றினால் ‘போதும்’ என்று எழுந்து வீட்டுக்குப் போகலாம். நாசி வைத்தியர்களின் விசாரணைக்குப் பிறகு 1947இல் எழுந்த நியூரம்பேர்க் நெறிகளில் ஒன்பதாவது அதைத்தான் சொல்கிறது: சோதனைக்கு உட்படுபவர், தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டதாக உணர்ந்தால், அதை நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருக்க வேண்டும். நாசி வைத்தியர்கள் டாகாவ் வதைமுகாமில் கைதிகளுக்கு மெஸ்கலின் என்ற மனத்தை மயக்கும் பொருளைக் கொடுத்துப் பார்த்ததும் நடந்த கதை. ஆனால் இல்லாத தோற்றங்களைக் காட்டும் எல்.எஸ்.டி. என்ற பொருள் உள்ளே போய்விட்டால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது, பன்னிரண்டு மணி வரையும் இழுக்கும். நடுவில் ‘நான் விலகுகிறேன்’ என்று சொன்னால் எங்கே விலகுவது? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது மனம். மருந்து பிடித்து ஆட்டுவதும் அதே மனத்தை. அந்த இடைப்பட்ட நேரத்தில் படிவத்தால் ஒருவரையும் காக்க முடியாது. பக்கத்தில் தெளிவோடு இருக்கும் இன்னொரு மனிதர்தான் காக்க வேண்டும். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு ஆளைச் சுற்றித்தான்.

எல்.எஸ்.டி.யின் கதையை எல்லாரும் ஒரு சைக்கிளோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தில், அல்பேர்ட் ஹொஃப்மன் 1938இல் அதை உருவாக்கினார். 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராமைத் தானே விழுங்கினார். மிகச் சிறிய அளவு என்று எண்ணித்தான் விழுங்கினார், ஆனால் அது தேவையானதைவிடப் பல மடங்கு. போர்க்காலம், வாகனம் இல்லை. அவர் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். தனியாகப் போகவில்லை. ஆய்வுகூடத்தில் அவருடைய உதவியாளராக இருந்த சூசி ராம்ஸ்டைன் என்ற இளம்பெண் துணைக்கு இன்னொரு சைக்கிளில் வந்தாள். உலகம் உருண்டு நெளிவதாக அவருக்குத் தெரிந்த அந்த வழி நெடுக, வீதியை உள்ளபடி பார்த்துக்கொண்டு வந்தவள் அவள்தான். உலகமெங்கும் அந்த நாளைச் சைக்கிள் நாள் என்று கொண்டாடுகிறார்கள். அவளுடைய பெயரைச் சொல்லுபவர்கள் குறைவு. மருந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் மயங்கியவரை வீரராக்குகிறார்கள், விழித்திருந்தவரை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து அம்மன் கோயில் சடங்குகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. உரு ஏறி ஆடுபவரைச் சுற்றி ஆடாத ஒருவர் எப்போதும் நிற்பார். வேப்பிலையும் தண்ணீரும் அவர் கையில் இருக்கும். ஆடுபவர் விழுந்தால் தாங்குவதும், தீப்பக்கம் போனால் இழுப்பதும், சடங்கு முடிந்ததும் அவரை ஆறுதலாக நிலைக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. ஆடுபவருக்கு வாய்க்கிற மரியாதை அவருக்கு வாய்ப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் எந்த ஊரிலும் பறையை அடிக்கத் தொடங்கமாட்டார்கள்.

தன்மேல் சோதித்துப் பார்ப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நான் குடிக்காததை உனக்குக் கொடுக்கமாட்டேன் என்பது நல்ல குணம்தான். ஆனால் அது கண்டுபிடித்தவரின் குணத்தைத்தான் காட்டுகிறது. என் உடம்பு தாங்கியதை உன் உடம்பு தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது. படித்த, சம்பளம் வாங்குகிற, வீட்டில் மனைவியும் வைத்தியரும் காத்திருக்கிற ஒருவர் ஒரு பகல் முழுவதும் மயங்கிக் கிடப்பதும், பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவர் மயங்கிக் கிடப்பதும் ஒரே அனுபவமாகாது.

பூட்டிய அறை என்றேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில், போதைக்கு அடிமையான கைதிகளைக் குணப்படுத்த என்று ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. 1950களில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற வைத்தியர் அங்கே கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்தார். ஏழு பேருக்கு 77 நாட்கள் தொடர்ந்து கொடுத்தார். பணம் சி.ஐ.ஏ.யிடமிருந்து வந்தது. கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். அவர்கள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள். கூலி என்ன தெரியுமா? தண்டனைக் காலத்தில் கொஞ்சம் குறைப்பு, அல்லது அவர்கள் எந்தப் பொருளிலிருந்து விடுபட அங்கே வந்தார்களோ அதே பொருள். பலர் பொருளையே கேட்டார்கள். இதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். அங்கே எல்லாம் இருந்தன: படிவம், வைத்தியர், தாதி, கட்டில், பதிவேடு. பக்கத்தில் ஆளும் இருந்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மருந்தை, மனிதரை இல்லை.

இங்கே கதை சிக்கலாகிறது. கெட்டவர் செய்த ஆராய்ச்சியில் கெட்டது மட்டும் விளைந்தது என்றால் தீர்ப்புச் சொல்வது எளிது. கெட்டமினை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கல்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மயக்க மருந்து. 1964இல் அது முதன்முதலில் ஏற்றப்பட்டது மிச்சிகன் மாநிலச் சிறைக்கைதிகளின் உடம்பில். ‘தாமாக முன்வந்தவர்கள்’ என்று பதிவு சொல்கிறது. சிறைக்குள் ‘தாமாக’ என்றால் என்ன என்று நான் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மருந்து மூச்சை நிறுத்தாது, இரத்த அழுத்தத்தை விழவிடாது, பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. ஆகவே வியட்நாமிலிருந்து போர் நடந்த தேசமெல்லாம் போய்ச் சேர்ந்தது. 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. மின்சாரம் இல்லாத இடத்தில் காலை வெட்டி உயிரைக் காக்க வேண்டிய வைத்தியருக்கு அதைவிட்டால் வேறு வழியில்லாத இரவுகள் உண்டு. வடக்கு கிழக்கில் வாழ்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மிச்சிகன் கைதிகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடன் இருக்கிறது என்று சொல்வதாவது வேண்டும் என்று நினைக்கிறேன்.

கெட்டமினிலிருந்து தெளியும்போது சிலருக்குப் பயங்கரமான தோற்றங்கள் வரும். செத்தவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், கூரை இறங்கி வரும். அனுபவமுள்ள தாதிமார் அந்த நோயாளிகளை வெளிச்சமும் சத்தமும் குறைந்த மூலையில் கிடத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுவார்கள். எந்தக் குப்பியின் லேபலிலும் அந்தக் கையை எழுத இடமில்லை. அதே கெட்டமினின் உறவான எஸ்கெட்டமினை 2019இல் மனச்சோர்வுக்கு மூக்கில் விடும் மருந்தாக அமெரிக்கா அனுமதித்தபோது, மருந்தை வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது, எடுத்தவரைக் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். மற்றதெல்லாம் எப்படியோ, அந்த இரண்டு மணி நேரத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

பக்கத்தில் ஆள் இருந்துவிட்டால் போதுமா என்று பெறாமகள் கேட்டாள். போதாது. பக்கத்தில் இருப்பவரே ஆபத்தாகிற இடமும் உண்டு. எம்.டி.எம்.ஏ. என்ற பொருள், தெருவில் எக்ஸ்டசி என்று விற்கப்படுவது, 1912இல் ஜேர்மனியின் மேர்க் நிறுவனத்தில் உருவானது. அதைப் போர், வன்முறை போன்றவற்றால் மனம் சிதைந்தவர்களின் சிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று நீண்டகாலமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆஸ்திரேலியா 2023 ஜூலையில், தகுதி பெற்ற மனநல வைத்தியர்கள் அதைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2024 ஓகஸ்டில் மறுத்தது. மறுப்புக்குக் காரணங்கள் பல. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது விழுங்கிய சிறிது நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுவது ஒன்று. மனத்தை மாற்றும் எந்த மருந்துக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் என் மனதில் நின்றது வேறு. கனடாவில் நடந்த சோதனையொன்றில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறி நடந்துகொண்டது ஒளிப்பதிவிலேயே இருந்தது. ஆண்டுகள் கழித்து அந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் மூன்றை ஓர் ஆய்விதழ் திரும்பப் பெற்றது. அந்த மருந்து நம்பிக்கையை வளர்க்கும், பயத்தைக் குறைக்கும். அதுதான் அதன் சிகிச்சைப் பயன். அதே குணம், பக்கத்தில் இருப்பவரின் கைக்கு ஒருவரை அப்படியே ஒப்புக்கொடுத்துவிடும். ஆகவே பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அவர் மருந்து நிறுவனத்திடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சோதனை எங்கள் மாவட்டத்துக்கு வந்தால்? வராது என்று எண்ண முடியாது. போர், அதற்கு நடுவில் 2004 டிசம்பரில் கடல், பிறகு 2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர்ச் சண்டைகள். மனம் சிதைந்தவர்களைத் தேடிப் போகிற ஆராய்ச்சியாளருக்கு எங்கள் கரையைப்போல வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது. கடல் வந்த பிறகு வினாக்கொத்துகளோடு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை முகாம்களில் இருந்தவர்களிடம் கேளுங்கள். ஒரே தாயிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு குழுக்கள் கேட்டுவிட்டுப் போயின. பதில்கள் எங்கே போயின என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதிக்காமல் மனிதர்மேல் மருந்துச் சோதனை நடத்த முடியாது. நல்லது. ஆனால் சட்டம் கேட்காத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது.

நினைவின் வலியைக் குறைக்கும் மருந்து என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்கிறது, பக்கவிளைவு இல்லை, பக்கத்தில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அதைக் கொடுக்கலாமா? அவள் கேட்டால், ஆம். அவளுக்கும் இரவில் தூங்க உரிமை இருக்கிறது. போராட்டத்தின் பெயரால் அவளுடைய தூக்கத்தைப் பிடித்துவைக்க எனக்கோ வேறு எவருக்குமோ அதிகாரம் இல்லை. ஆனால் அவள் கேட்கவில்லை, நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றால் அங்கே நான் நின்று யோசிப்பேன். அவளுடைய துயரம் நோய் மட்டும் இல்லை, வழக்கும்கூட. 2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை மறக்க மறுத்தவர்களால்தான் அது உலகின் காதுகளுக்குப் போனது. மறதி நோயாளிக்கு ஆறுதல். வேறு சிலருக்கு அது இலாபம். அந்த வேறு சிலர் யார் என்று கேட்காமல் ஒரு நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தக் குழு பாதி வேலைதான் செய்திருக்கிறது.

அடுத்தது, மருந்து ஆய்வுகூடத்தின் வாசலைத் தாண்டிய பிறகு வரும் பொறுப்பு. அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கல்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் மூளையில் உள்ள செரட்டோனின் என்ற இரசாயனத்தைப் பற்றி ஆராய்ந்தவர். 1990களில் எம்.ரி.ஏ. என்ற பொருளை உருவாக்கி எலிகளில் சோதித்தார். மனச்சோர்வுக்கான மருந்துகளுக்கு அது வழிகாட்டும் என்பது அவர் நம்பிக்கை. கட்டுரைகளை வெளியிட்டார், எந்த நேர்மையான ஆராய்ச்சியாளரும் செய்வதுபோல. எங்கேயோ ஒருவர் அந்தக் கட்டுரைகளைச் சமையல் குறிப்பாக வாசித்தார். எலிக்கு எக்ஸ்டசிபோல இருந்தால் மனிதருக்கும் இருக்கும் என்று கணக்குப் போட்டு மாத்திரையாக்கி ஐரோப்பாவில் விற்றார்கள். 2002ஆம் ஆண்டுக்குள் ஆறு மரணங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன. நிக்கல்ஸ் 2011 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றித் தானே எழுதினார். தன் ஆராய்ச்சி மக்களைக் கொன்றவர்களுக்கு உதவியதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் எழுதிய மனிதரின் குரல் அது.

அவரை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். கட்டுரையை மறைத்து வைப்பதும் தீர்வில்லை. மறைத்தால் அடுத்த ஆராய்ச்சியாளர் அதே எலிகளை மறுபடியும் கொல்வார். ஆனால் ‘நான் வேதியியலாளன், வீதி எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப அவர் முயலவில்லை. அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வீதி எப்படி இருக்கும் என்று பாமசி முகப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். பிரிகபலின் என்று ஒரு மருந்து. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் உருவாக்கியது, 2004இல் சந்தைக்கு வந்தது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் உண்மையிலேயே நல்ல மருந்து. கண்ணிவெடியில் போன காலில் இல்லாத விரல் எரிகிறது என்று அழுபவர், உடம்பில் செல்குண்டுத் துண்டோடு வாழ்பவர், நீரிழிவால் பாதம் நெருப்பாகிறவர், இவர்கள் எல்லாருக்கும் அது ஒரு நல்ல இரவு. அதே குளிசையை இளம்பிள்ளைகள் அட்டை அட்டையாக விழுங்கி மயங்குகிறார்கள் என்பது இலங்கையில் இப்போது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. விளைவு என்ன? நெற்றியில் திருநீறும் கையில் சீட்டுமாக வரும் கால் இழந்த மனிதரைப் பாமசிக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார். சீட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். இல்லை என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபம். துஷ்பிரயோகத்தின் தண்டனை முதலில் வலியோடு இருப்பவரின் தலையில்தான் விழுகிறது. அபாயகரமான ஔடதங்களின் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு மரண தண்டனை வரை போனது. அதற்குப் பிறகும் பொருட்கள் குறையவில்லை, வகைகள்தான் கூடின. ஒரு குப்பி உடைந்தாலும் இருவர் கையெழுத்திட்டுக் கணக்குக் காட்டிய அலுமாரியில் வளர்ந்தவள் நான். இலட்சக்கணக்கில் குளிசை செய்து விற்று இலாபம் பார்ப்பவர்கள், அவை எங்கே போகின்றன என்ற கணக்கை மட்டும் பாமசிக்காரரிடமும் பொலிஸிடமும் தள்ளிவிடுவது எனக்கு அடுக்கவில்லை.

பெயர் இல்லாத ஊர்க்காரரிடம் திரும்ப வேண்டும். நொக்ஸுக்கு இலையைச் சொல்லிக்கொடுத்தவரின் கதி நமக்குத் தெரியாது. தெரிந்த ஒரு கதை இருக்கிறது. மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் மரியா சபினா என்ற வைத்தியப் பெண், நோயைக் கண்டறியச் சடங்கில் பயன்படுத்திய காளானை 1955இல் நியூயோர்க்கிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவருக்குக் கொடுத்தாள். 1957இல் அவர் அதைப் பெரிய சஞ்சிகையில் எழுதினார். அவளுடைய பெயரை மாற்றி எழுதியும் ஊர் அகப்பட்டுவிட்டது. மறு ஆண்டு அதே ஹொஃப்மன் காளானிலிருந்து அதன் மயக்கும் பொருளான சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். போதை தேடிக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டார் வந்தார்கள். ஊரார் அவளைக் குற்றம் சாட்டினார்கள், அவள் வீடு எரிக்கப்பட்டது. வறுமையிலேயே இறந்தாள். இன்று அந்தப் பொருளை வைத்து நிறுவனங்கள் காப்புரிமைக்கு வரிசையில் நிற்கின்றன.

எங்கள் பக்கத்தில் சர்ப்பகந்தா. சித்தம் கலங்கியவர்களுக்கும் தூக்கமற்றவர்களுக்கும் வைத்தியர்கள் தலைமுறைகளாகக் கொடுத்த வேர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்காள வைத்தியர்கள் இருவர் அதைப் பற்றி எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் அது பரவியது. ‘அப்படியானால் அந்த வைத்தியர்களுக்குப் பங்கு கொடுத்திருக்க வேண்டும், இல்லையா?’ என்று பெறாமகள் கொதித்தாள். கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வைத்தியர்களையும் நான் முழுதாக விட்டுவிடவில்லை. ஏட்டைப் பெட்டியில் பூட்டி, மகனுக்குக்கூடச் சொல்லாமல் செத்துப்போனவர்கள் உண்டு. எத்தனை பேர் குணமானார்கள் என்ற கதை ஊரில் இருக்கும். எத்தனை பேருக்கு ஆகவில்லை என்ற கணக்கு எந்த ஏட்டிலும் இருக்காது. ரெசர்பின் சிலரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியது என்ற ஐயம், எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் வந்தது. சரியோ பிழையோ, விவாதிக்க ஒரு பதிவாவது இருந்தது.

பெறாமகளின் சொந்த ஆய்வு இவ்வளவு பயங்கரமானது இல்லை. தூக்கம் வராத முதியவர்களுக்கு அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கொடுத்துப் பார்ப்பது. சம்மதப் படிவத்தின் வரைவைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல தமிழ், தெளிவான எழுத்து, ‘எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்’ என்ற வரியும் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கிழவிக்குத் தலை சுற்றினால் யாருக்குச் சொல்வாள் என்று கேட்டேன். ‘காலையில் எனக்குத் தொலைபேசியில் சொல்லலாம்’ என்றாள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அதில் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது: முதல் இரவு வீட்டில் கூட இருப்பவரின் பெயர், உறவு, கையெழுத்து. அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை என்றும் ஒரு வரி. அவளுடைய மேற்பார்வையாளர், தனியாக வாழும் முதியவர்கள் எல்லாரும் இதனால் வெளியே போய்விடுவார்கள், தூக்கமின்மை அவர்களுக்குத்தானே அதிகம் என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அப்படியானால் அந்த வீடுகளுக்கு மாணவர்களே முறைவைத்துப் போய் இருக்கட்டும் என்றேன் நான். ‘அதற்குப் பணம் யார் கொடுப்பது, பெரியம்மா?’ என்று கேட்டுவிட்டு, வரவுசெலவுத் திட்டத்தை மறுபடியும் எழுதப் போயிருக்கிறாள்.